ஒன்ராறியோ குளிர்காலம்: 18 அடி போட்டை வெளியிலேயே விடுவதற்கு என்னென்ன செய்ய வேணும்?

ஏஜாக்ஸ்_வள்ளம்

வணக்கம். 18 அடி பைபர் போட். 4.3 லீற்றர் வி6 மெர்குறூஸர் எஞ்சின், காபரேற்றர் மொடல், அல்ஃபா வன் ஜெனரேஷன் 2 டிரைவ் (போட்டின் பின்பக்கம் வெளியே நின்று புரொப்பெல்லரைச் சுழற்றுற பகுதி). ஒற்றை அச்சு ட்ரெயிலரில் நிற்குது. எஞ்சினை ஏரித் தண்ணிதான் நேரடியாகக் குளிர வைக்குது, மூடிய கூலன்ற் சுற்று இல்லை. சிம்கோ ஏரியில் ஓடுற போட். கராஜுக்குள் இடம் இல்லை. ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி மட்டும் வீட்டு டிரைவ்வேயில் திறந்த வெளியில்தான் விட வேணும்.

கேள்விகள் நாலு. டிரைவின் தண்ணி உறிஞ்சும் வாயில் முஃப் (குழாய் பூட்டுற ரப்பர் மூடி) போட்டு, பிங்க் அன்ரிஃபிறீஸ் (உறையாத திரவம்) இரண்டு ஜக்கை எஞ்சின் உறிஞ்ச விட்டால் போதுமா? கோடைக்கு வாங்கிய கன்வஸ் கவருக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாய் போட்டால் ஸ்நோவைத் தாங்குமா? 80 லீற்றர் பெற்றோல் தாங்கியை நிரப்பி விடுவதா, காலியாக விடுவதா? எஞ்சின் பெட்டிக்குள் 100 வாட் பல்ப் ஒன்று எரிய விட்டால் உறையாது என்று சிலர் சொல்லுகினம், அது சரியா?

சிம்கோ_தோணி

முஃப் கேள்விக்குப் பதில்: போதாது. இந்த எஞ்சினில் அதிகம் பேரின் புளொக் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பு) வெடிக்கிறதுக்குக் காரணமே அந்த முறைதான்.

எஞ்சின் குளிராக இருக்கேக்க தெர்மோஸ்ராற் (சூடானால் திறக்கும் தண்ணி வால்வு) மூடியிருக்கும். முஃப் வழியாக வரும் திரவம் தெர்மோஸ்ராற் ஹவுசிங்கில் திரும்பி, இரண்டு எக்ஸோஸ்ற் மனிஃபோல்டுக்குள்ளாலும் (புகை போற வார்ப்புக் குழாய்கள்) போய், புரொப்பெல்லர் பக்கமாக வெளியே வடிஞ்சிடும். பின்னால் பிங்க் நிறம் வாறதைப் பார்த்தால் வேலை முடிஞ்ச மாதிரித்தான் தெரியும். புளொக்குக்குள் ஏரித் தண்ணி அப்படியே கிடக்கும். சூடான எஞ்சினில் செய்தாலும் உள்ளே கிடக்கும் தண்ணியோடு திரவம் கலந்து நீர்த்துப்போகும். ஜக்கில் -50 என்று அச்சடிச்சிருக்கிறது ஃபாரன்ஹீற் கணக்கு. செல்சியஸில் அது -45. அதுவும் ஒரு சொட்டுத் தண்ணியும் கலக்காத திரவத்துக்கு, குழாய் வெடிக்காமல் இருக்கிற எல்லை. கலக்காத திரவமே -10 பாகைக்குக் கீழே போகக் கூழாகத் தொடங்கும். பாதி தண்ணி கலந்திருந்தால் ஜனவரி இரவு ஒன்றுக்கே அது தாங்காது.

தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் விரியும். வார்ப்பிரும்பு அதுக்கு வளைஞ்சு குடுக்காது. வெடிப்பு அதிகமாக மனிஃபோல்டுக்குக் கீழே, புளொக்கின் பக்கச் சுவரில் வரும். சில வேளை உள்ளே, லிஃப்ரர்கள் (வால்வைத் தூக்கும் உருளைகள்) இருக்கும் பள்ளத்தில் வரும். உள்ளே வந்தால் வெளியிலிருந்து தெரியாது. வசந்தத்தில் ஓட்டினால் பிறகு டிப்ஸ்ரிக்கில் (ஒயில் அளக்கும் கம்பி) ஒயில் பால் தேத்தண்ணி நிறமாக வரும், அப்பதான் தெரியும். புளொக்கில் இருக்கும் வட்டத் தகட்டு பிளக்குகள் தள்ளிக்கொண்டு வந்து எஞ்சினைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். வார்ப்பு மணலை எடுக்கிறதுக்கு விட்ட ஓட்டைகளை மூடும் தகடுகள் அவை. அவை கழன்றிருக்கிற எஞ்சினில் அநேகமாகச் சுவரும் சேர்ந்தே வெடிச்சிருக்கும்.

அதனால் முதலில் தண்ணியை முழுக்க இறக்க வேணும். அன்ரிஃபிறீஸ் அதுக்குப் பிறகுதான்.

வேலையின் ஒழுங்கு இது. பெற்றோலுக்குள் ஸ்டெபிலைசர் (பெற்றோல் கெடாமல் வைக்கும் திரவம்) விட்டு, முஃபில் தோட்டத்துக் குழாயைப் பூட்டி, தண்ணியைத் திறந்த பிறகு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுங்கோ. 10 தொடக்கம் 15 நிமிஷம் ஓட விட்டால் எஞ்சின் சூடாகும், ஸ்டெபிலைசர் கலந்த பெற்றோல் காபரேற்றர் மட்டும் வந்து சேரும். கடைசி நிமிஷத்தில் ஃபிளேம் அரெஸ்ரரை (காபரேற்றர் வாயில் இருக்கிற தீத்தடுப்பு மூடி) கழட்டி, 1200 - 1500 சுற்றில் வைச்சுக்கொண்டு ஃபொக்கிங் ஒயிலை (துருத்தடுப்பு ஸ்பிறே) காபரேற்றருக்குள் மெதுவாக அடியுங்கோ. வெள்ளைப் புகை தடிப்பாக வரும். அப்ப நிப்பாட்டலாம். சிலிண்டர் சுவரிலும் வால்வுகளிலும் ஒயில் படலம் படிஞ்சிருந்தால் ஆறு மாதத்தில் துருப் பிடிக்காது. இது காபரேற்றர் எஞ்சினுக்குச் சொன்னது. இன்ஜெக்ஷன் எஞ்சின் வைச்சிருக்கிற ஆக்கள் இப்படி அடிக்காமல் தங்கட கையேட்டில் சொன்ன முறையைச் செய்யுங்கோ.

சூடு ஆற முன்னம் எஞ்சின் ஒயிலையும் ஃபில்ரரையும் மாற்றுங்கோ. சுமார் நாலரை லீற்றர் பிடிக்கும், டிப்ஸ்ரிக்கைப் பார்த்து விடுங்கோ. இதை வசந்தத்துக்குத் தள்ளிப்போடுறது பிழை. ஓடின ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அது ஆறு மாதமும் பெயரிங் மேலே கிடக்க விடக் கூடாது.

இனித் தண்ணி இறக்கிறது. டிரைவை முழுக்கக் கீழே விடுங்கோ. இந்த மொடலில் தண்ணிப் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கு, கீழே விட்டால் தானாக வடியும். புளொக்கின் இரண்டு பக்கத்திலும் கீழே ஒவ்வொரு வடிகால் பிளக், மனிஃபோல்ட் இரண்டின் அடியிலும் ஒவ்வொன்று. நாலையும் கழட்டுங்கோ. கழட்டினதும் தண்ணி பாய்ந்து வர வேணும். வரவில்லை என்றால் உள்ளே தண்ணி இல்லை என்று அர்த்தம் இல்லை. துருவும் ஏரி மணலும் ஓட்டையை அடைச்சிருக்கு. கோட் ஹாங்கர் கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டுக் கிளறுங்கோ. வந்து நின்ற பிறகும் இன்னொருக்கா கிளறுங்கோ. வலப் பக்கத்தில் ஸ்ரார்ட்டர் மோட்டருக்குக் கிட்ட இருக்கிற பிளக்குக்குக் கை போறது கஷ்டம். அதைத்தான் ஆக்கள் விட்டுவிடுறது, வெடிக்கிறதும் அந்தப் பக்கம்தான். பிறகு எஞ்சினுக்கு முன்னால் சுற்றோட்டப் பம்பின் அடியிலிருக்கும் பெரிய ஹோஸைக் கழட்டி வளைச்சுத் தண்ணியை ஊற்றுங்கோ. பவர் ஸ்ரியரிங் கூலருக்குப் போற ஹோஸையும் மறக்க வேண்டாம். கடைசியாக, பற்றவைப்புக் கொயிலின் (ignition coil) வயரைக் கழட்டிப்போட்டு, எஞ்சின் பிடிக்காத மாதிரி ஒன்றிரண்டு வினாடி மட்டும் சாவியைத் திருப்புங்கோ. பம்புக்குள் மிச்சம் நிற்கிறது வெளியே வரும்.

இதுக்குப் பிறகு பிளக்குகளைப் பூட்டி, தெர்மோஸ்ராற் ஹவுசிங்கிலிருந்து சுற்றோட்டப் பம்புக்கு வரும் பெரிய ஹோஸுக்குள்ளால் அன்ரிஃபிறீஸை ஊற்றி நிரப்புங்கோ. மனிஃபோல்ட் ஹோஸ் இரண்டிலும் எக்ஸோஸ்றில் நிறம் வரும் மட்டும் ஊற்றுங்கோ. 3.78 லீற்றர் ஜக் நாலைந்து வாங்கி வையுங்கோ. புரொப்பிலின் கிளைக்கோல் என்று எழுதியிருக்கிறதையே வாங்குங்கோ. காருக்கு விடுகிற எதிலீன் கிளைக்கோல் நாய் பூனைக்கு நஞ்சு, இனிப்பாக இருக்கிறபடியால் நக்கும். வசந்தத்தில் முதல் தரம் ஓட்டேக்க உள்ளே ஊற்றினது முழுக்க வெளியேதான் வரும்.

தார்ப்பாய்_கணக்கு

எஞ்சின் விஷயத்தில் மேலே உள்ளவர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு வேறுபாடு. தண்ணீரை உண்மையிலேயே முழுக்க இறக்கிவிட்டால், பிளக்குகளைப் பூட்டாமல் காய்ந்தபடியே விடுவதும் நல்ல முறைதான். காற்று உறையாது. பிளக்குகளை ஒரு பையில் போட்டுச் சாவியோடு கட்டி வைத்தால், வசந்தத்தில் பூட்ட மறக்க முடியாது. ஆன்டிஃப்ரீஸ் ஊற்றினால் துருத்தடுப்பு கிடைக்கும், எங்காவது ஒரு கரண்டித் தண்ணீர் நின்றிருந்தாலும் ஆபத்து குறையும். இரண்டில் எதைச் செய்தாலும் கம்பியால் கிளறுவதை மட்டும் விடாதீர்கள்.

கவர் கேள்விக்கு வருகிறேன். கோடைக் கவர் வெயிலுக்கும் தூசிக்கும் தைத்தது. பனியின் எடையைப் போட்டுப் பாருங்கள். உங்கள் படகின் மேற்பரப்பு ஏறக்குறைய 5.5 மீட்டருக்கு 2.2 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். இரண்டு வாரம் கிடந்து இறுகிவிட்டால் 200 முதல் 300 கிலோ. 30 சென்டிமீட்டர் இறுகிய பனி என்றால் சதுர மீட்டருக்கு 75 கிலோ, மொத்தம் 900 கிலோ. தட்டையான கவர் இதைச் சுமக்கவே கூடாது. சரித்துக் கீழே தள்ள வேண்டும்.

பனியை விட மோசமானது குளம். கவர் ஓரிடத்தில் தொய்ந்தால் நவம்பர் மழை அங்கே தேங்கும். இரண்டு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஆழம் நின்றாலே 200 கிலோ. எடை ஏற ஏறத் தொய்வு கூடும், தொய்வு கூடக் கூடத் தண்ணீர் சேரும். கடைசியில் கண்ணாடிச் சட்டம் வளையும், அல்லது கவர் கிழிந்து எல்லாமே படகுக்குள் இறங்கி அங்கேயே உறையும்.

அதனால் மரச்சட்டம் அடியுங்கள். நடுமுகட்டுக்கு 2×4 கட்டை, அகலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி, அணியத்திலிருந்து பின் விளிம்பு வரை. சாய்வு 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. படகின் பாதி அகலம் 1.1 மீட்டர் என்பதால், முகடு படகின் மேல் விளிம்பிலிருந்து அதே 1.1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தச் சாய்வு வந்துவிடும். மூன்று அல்லது நான்கு தூண்கள் போதும். ஒவ்வொரு தூணும் 30 சென்டிமீட்டர் சதுரப் பிளைவுட் துண்டின் மேல், நேராகப் படகின் உள்தரையில் நிற்க வேண்டும். இருக்கையின் மேல் நிறுத்தினால் பைபர் பிளந்துவிடும். முகட்டிலிருந்து இரு பக்க விளிம்புக்கும் 60 அல்லது 75 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கைமரம் இறக்குங்கள். 1×3 சட்டமே தாங்கும். இடைவெளி அதிகமானால் நடுவில் பை மாதிரித் தொங்கும், மறுபடியும் குளம்தான். முன்கண்ணாடி எந்த எடையையும் தாங்கக் கூடாது. முகடு அதற்கு மேலே இடைவெளி விட்டுப் போகட்டும்.

மரத்தின் எல்லா மூலைகளிலும், கண்ணாடி ஓரங்கள், கயிறு கட்டும் கொம்புகள் மேலும் பழைய கம்பளத் துண்டுகளைச் சுற்றுங்கள். தார்ப்பாய் கிழிவது பெரும்பாலும் எடையால் அல்ல, காற்றில் ஒரே மூலையில் ஆயிரக்கணக்கான முறை உரசுவதால்.

தார்ப்பாய் அளவு 16×24 அடி. முகட்டின் மேலாக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மட்டுமே 3.1 மீட்டர் போகும். அதற்குமேல் பக்கத்துக்கு அரை மீட்டராவது கீழே தொங்க வேண்டும். மலிவான நீலத் தார்ப்பாய் வெயிலிலும் காற்றிலும் பிப்ரவரிக்குள் நார் நாராகப் போகும். 12 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) தடிமனான வெள்ளி அல்லது பழுப்பு நிறத் தார்ப்பாய் வாங்குங்கள். அதைப் படகின் பக்கவாட்டில் படும்படி தளர்வாக விட்டால், இடையில் புகும் மண் உப்புத்தாள் போல ஜெல்கோட்டை (பைபரின் பளபளப்பான மேல்பூச்சு) மங்கச் செய்துவிடும். இறுக்கிக் கட்டுங்கள். கயிற்றைப் படகின் அடிப்பக்கமாக எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கட்டலாம், டிரெய்லர் சட்டத்திலும் கட்டலாம். டிரெய்லர் இல்லாமல் ஜாக் ஸ்டாண்டில் படகை நிறுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தார்ப்பாய்க் கயிற்றை ஒருபோதும் ஸ்டாண்டில் கட்டாதீர்கள். பலத்த காற்றில் தார்ப்பாய் கப்பல் பாய் போல உப்பி ஸ்டாண்டைப் பிடுங்கிவிடும், படகு சாய்ந்துவிடும்.

காற்றோட்டம் அவசியம். முன்னும் பின்னும் முகட்டுக்குக் கீழே முக்கோணத் திறப்பு விட்டு, பனி உள்ளே வீசாதபடி ஒரு மடிப்பைத் தொங்க விடுங்கள். மெத்தைகள், லைஃப் ஜாக்கெட்டுகள், கயிறுகள் எல்லாம் வீட்டுக்குள் போகட்டும். உள்ளே உள்ள பெட்டி மூடிகளைத் திறந்தே வையுங்கள். பகலில் வெயில் பட்டுக் கவருக்குள் சூடேறும், இரவில் ஈரம் சொட்டும். காற்று போக வழியில்லையென்றால் ஏப்ரலில் கருப்புப் பூஞ்சைதான் வரவேற்கும். 7 மில் ஷ்ரிங்க் ராப் (சூடாக்கிச் சுருக்கும் பிளாஸ்டிக் உறை) போடச் சொன்னாலும் காற்றுத் துவாரங்கள் பதிக்கச் சொல்லுங்கள். அது ஒரே பருவத்துக்குத்தான். மரச்சட்டம் பல ஆண்டுகள் வரும், துண்டுகளுக்கு எண் எழுதிக் கழற்றி வைத்தால் அடுத்த வருடம் ஒரு மணி நேர வேலை.

15 சென்டிமீட்டர் பனி விழுந்தவுடன் தள்ளிவிடுங்கள். மென்மையான துடைப்பத்தால் கீழ்நோக்கி இழுத்தால் போதும், இரும்பு ஷவல் வேண்டாம். உறைமழை பெய்து கவர் முழுக்கப் பனிக்கட்டி ஒட்டியிருந்தால் அடித்து உடைக்காதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், கட்டியோடு சேர்ந்து அதுவும் கிழியும்.

அச்சும்_சில்லும்

பற்றரி, ட்ரெயிலர் இரண்டையும் ஒருத்தரும் தொடவில்லை.

பற்றரியைக் கழட்டி உள்ளே கொண்டுபோங்கோ. நெகற்றிவ் வயர் முதலில். முழுக்கச் சார்ஜ் ஏறின லெட் அசிட் பற்றரி -50 பாகைக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கின பற்றரி -7, -8 பாகையிலேயே உறைஞ்சு பெட்டி வெடிக்கும். போட்டிலேயே பூட்டி விட்டால், தானாக ஓடுகிற பில்ஜ் பம்பும் (போட்டின் அடியில் தேங்கும் தண்ணியை வெளியேற்றுறது) ரேடியோவின் நினைவகமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடும். மீற்றரில் 12.6 - 12.7 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.0 காட்டினால் கால்வாசிதான் இருக்கு. மாதம் ஒருக்கா பாருங்கோ. கொங்கிறீற் நிலத்தில் வைச்சால் சார்ஜ் இறங்கும் என்ற பயம் இப்பத்தைய பிளாஸ்ரிக் பெட்டி பற்றரிகளுக்குப் பொருந்தாது. ட்ரோலிங் மோட்டருக்கு லிதியம் பற்றரி இருந்தால் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கோ, 0 பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பழுதாகும்.

ட்ரெயிலர் சில்லுப் பெயரிங். சூடான ஹப் குளிர்ந்த ஏரிக்குள் இறங்கேக்க உள்ளே தண்ணியை உறிஞ்சும். அந்தத் தண்ணி ஆறு மாதம் பெயரிங்கில் நின்றால், மே மாதம் 400ஆம் நெடுஞ்சாலையில் சில்லு கழன்று ஓடும். கடைசியாகப் போட்டை ஏற்றின பிறகு ஹப்பைத் திறந்து, பழைய கிறீஸைத் துடைச்சு, பெயரிங்கைப் பார்த்து, புதுக் கிறீஸ் அடைச்சு, பின் சீலையும் மாற்றி விடுங்கோ. நுனி நிப்பிளில் கிறீஸ் கன் வைச்சு அமுக்குறது மட்டும் போதாது. பழையது நீலம் கலந்த சாம்பல் பாலாக இருந்தால் தண்ணி போயிருக்கு.

ரயரில் பாரத்தைக் குறைக்க, அச்சுக்குக் கிட்டவாக ட்ரெயிலர் சட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டை வையுங்கோ. சட்டத்தின் நுனிகளில் மட்டும் தூக்கினால் சட்டம் நடுவில் வளையும், பங்க் கட்டைகள் (போட் மேலே இருக்கிற நீளக் கட்டைகள்) போட்டை ஒழுங்காகத் தாங்காது. ரயருக்குப் பக்கச் சுவரில் எழுதியிருக்கிற அளவு காற்று அடியுங்கோ. பின்பக்கம் ட்ரெயிலரோடு கட்டுற பட்டியை இறுக்கமாக விடாமல் தளர்த்துங்கோ. புல்லில் நிற்கிறது என்றால் ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் 60 சென்ரிமீற்றர் சதுரப் பிளைவுட் வையுங்கோ. மண் உறைஞ்சு மேலே எழும்பும், மார்ச்சில் இளகி அமிழும். அந்த நேரத்தில்தான் போட் சாயுறது.

முக்கியமானது: முன் ஜாக்கை உயர்த்தி அணியம் தூக்கலாக நிற்க வேணும், பின்பக்க அடி பிளக் கழட்டியிருக்க வேணும். கவருக்குள்ளால் எப்படியும் கொஞ்சத் தண்ணி போகும். அது ஓடி வெளியே போக வழி இருக்க வேணும். பிளக் ஓட்டையில் இலை அடைக்காதபடி உள்ளே கூட்டித் துடைச்சு விடுங்கோ. மேப்பிள் மரத்துக்குக் கீழே நிற்குது என்றால் இரண்டு தரம் பாருங்கோ.

ஏஜாக்ஸ்_வள்ளம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. பெற்றோலும் பல்ப்பும் இன்னும் மிச்சம். டிரைவ் ஒயில் மாற்றிறதைப் பற்றியும் சொல்லுங்கோ.

சிம்கோ_தோணி

பல்ப் வேண்டவே வேண்டாம். குளிர் கூடின இரவில்தான் மின்சாரமும் போகும். 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது, கன பேருக்கு நாள்கணக்காக வரவில்லை. அதோடு எஞ்சின் பெட்டி பெற்றோல் ஆவி தேங்கிற இடம். வீட்டு வயரும் பல்ப்பும் ஹீற்றரும் அதுக்குள் போகக் கூடாது.

பெற்றோல்: பொருத்தின 80 லீற்றர் தாங்கியை வீட்டில் காலியாக்கிறது ஆபத்தான வேலை, முழுக்கக் காலியாகவும் வராது. 95 வீதம் நிரப்புங்கோ. மிச்ச 5 வீதம் வசந்த வெயிலில் விரியிறதுக்கு இடம். பாதித் தாங்கியில் காற்று மூச்சு விடுற மாதிரி உள்ளே வெளியே போய்வந்து ஈரத்தைச் சேர்க்கும். ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் எதனோல் கலந்திருக்கும். எதனோல் ஈரத்தை இழுக்கும், 10 வீத எதனோல் உள்ள பெற்றோலில் தண்ணி அரை வீதம் அளவுக்குச் சேர்ந்தால் எதனோலும் தண்ணியும் பிரிஞ்சு அடியில் படியும். குளிரில் அதிலும் குறைவான தண்ணிக்கே பிரியும். பிரிஞ்ச பிறகு ஒரு ஸ்டெபிலைசரும் அதைத் திருப்பிக் கலக்காது. சில நிலையங்களின் 91 ஒக்ரேனில் எதனோல் இல்லை, பம்ப் லேபிளைப் பார்த்து கடைசி நிரப்பலை அதில் செய்யுங்கோ. சிவப்பு ஸ்டா-பில் என்றால் 9.5 லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் கணக்கு, 80 லீற்றருக்கு சுமார் 250. மற்றப் போத்தல்களின் அளவு வேற, லேபிளைப் பாருங்கோ. ஸ்டெபிலைசரை முதலில் விட்டு அதுக்கு மேலே பெற்றோல் அடிச்சால் நல்லாகக் கலக்கும்.

டிரைவ் ஒயில்: கட்டாயம் இப்பவே. கீழ் ஸ்குறூவைக் கழட்டி, பிறகு மேல் ஸ்குறூ. முதல் வாறதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கோ. தண்ணி போயிருந்தால் அது அடியில் நிற்கும், முதலில் அதுதான் வரும். பால் நிறமாக இருந்தால் சீல் போயிருக்கு. புது ஒயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து பம்பால் மேலே ஏற்றுங்கோ, மேல் ஓட்டையால் குமிழி இல்லாமல் வரும் மட்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு அரைவாசிதான் போகும். மேல் ஸ்குறூவை முதலில் பூட்டிய பிறகுதான் பம்பைக் கழட்டிக் கீழ் ஸ்குறூவைப் பூட்டுங்கோ. மொனிற்றர் போத்தலோடு (டிரைவ் ஒயில் மட்டம் காட்டும் போத்தல்) சேர்த்து ஏறக்குறைய 1.9 லீற்றர் பிடிக்கும். ஸ்குறூ வாஷர்கள் இரண்டும் புதுசாகப் போடுங்கோ.

புரொப்பெல்லரைக் கழட்டிப் பாருங்கோ. மீன் பிடிக்கிற போட் என்றால் தண்டில் நைலோன் நூல் சுற்றியிருக்கும். சீல் வெட்டுப்படுறது அதாலதான். ரப்பர் பெலோஸை (டிரைவும் போட்டும் சேருற இடத்து மடிப்புக் குழாய்) டிரைவ் தூக்கின நிலையில் மடிப்பு மடிப்பாகப் பார்த்து, வெடிப்பு இல்லை என்றால் டிரைவை இறக்கி விடுங்கோ. தூக்கின நிலையில் விட்டால் பெலோஸ் இழுபட்டே விறைக்கும், புரொப்பெல்லர் நடுக் குழிக்குள் பனி உருகித் தண்ணி நின்று உறையும்.

லேக்ஃபீல்ட்_தூண்டில்

14 அடி அலுமினியம், 40 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட். இவ்வளவும் செய்ய வேணுமா?

சிம்கோ_தோணி

எஞ்சின் பக்கம் உங்களுக்குச் சுகம். அவுட்போர்டை நேராக நிமிர்த்தி விட்டால் குளிரூட்டும் தண்ணி தானாக வடியும், அன்ரிஃபிறீஸ் தேவை இல்லை. ஒரு தரம் கழுவி, நிமிர்த்தி, பத்து நிமிஷம் விடுங்கோ. எஞ்சின் ஒயில், கியர் ஒயில், ஸ்டெபிலைசர் மூன்றும் அதே முறை. கியர் ஒயில் ஒரு லீற்றருக்குள்தான் பிடிக்கும். கியர்ப் பெட்டிக்குள் தண்ணி போயிருந்து உறைஞ்சால் உங்கட அலுமினியப் பெட்டியும் வெடிக்கும், அதில் வித்தியாசம் இல்லை. குளிர்காலம் முழுக்க எஞ்சின் நிமிர்ந்தே நிற்கட்டும். நுனி தரையில் இடிக்கிற உயரமாக இருந்தால் ஒரு பலகையில் தாங்க விடுங்கோ. கேபிள் ஸ்ரியரிங் என்றால் தண்டு உள்ளே இழுபட்டிருக்கிற பக்கத்துக்குத் திருப்பி வையுங்கோ, வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துருப் பிடிச்சு இறுகும். லைவ்வெல் (பிடிச்ச மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) பம்பையும் அதன் ஹோஸையும் வடிய விட மறக்க வேண்டாம். சின்னப் போட்டில் உறைஞ்சு உடையிறது அதிகமாக அதுதான்.

தார்ப்பாய்_கணக்கு

இரண்டு விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், படகைச் சாலையில் இழுத்துப் போகும் முன் எல்லா வடிகால் பிளக்குகளையும் திறந்து தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசி, செடி, சிப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சிம்கோவில் வரிக்குதிரைச் சிப்பி இருக்கிறது. படகைக் கரையேற்றிய இடத்திலேயே அடிப்பாகத்தைக் கழுவினால் பழுப்புப் படிவு சுலபமாகப் போகும், காய்ந்துவிட்டால் வசந்தத்தில் அமிலம் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். அடுத்தது நகராட்சி விதி. வீட்டு முன் டிரைவ்வேயில் படகும் டிரெய்லரும் எவ்வளவு நாள், எவ்வளவு நீளம் வரை நிற்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். மரச்சட்டம் அடிக்கும் முன் உங்கள் நகராட்சியில் கேளுங்கள். காப்பீட்டாளரிடமும், குளிர்காலத்தில் வீட்டில் நிற்கும்போது திருட்டுக்கும் பனி எடைச் சேதத்துக்கும் பாலிசி பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அச்சும்_சில்லும்

எலி. எக்ஸோஸ்ற் துவாரம், பில்ஜ் குழாய் வாய், வென்ற் எல்லாவற்றிலும் செப்புக் கம்பி வலையை அடையுங்கோ. இரும்புக் கம்பளி ஜெல்கோட்டில் துருக் கறை போடும். அடி பிளக் ஓட்டையை அடைக்க வேண்டாம், அதன் வெளியில் சின்ன வலை ஒன்று ஒட்டினால் போதும், தண்ணி போக வேணும். அடைச்சதை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஸ்ரியரிங்கில் கட்டுங்கோ, வசந்தத்தில் எடுக்காமல் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணக் கூடாது.

வசந்தத்தில் முதல் ஓட்டம் ஏரியில் வேண்டாம். டிரைவ்வேயில் முஃப் போட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து வைச்சு, புளோவரை (பெட்டிக்குள் தேங்கிற ஆவியை வெளியே தள்ளும் காற்றாடி) நாலு நிமிஷம் ஓட்டின பிறகு ஸ்ரார்ட் பண்ணுங்கோ. ஐந்து நிமிஷம் ஓடட்டும். நாலு வடிகால் பிளக்கையும் ஹோஸ் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கோ. நிப்பாட்டி டிப்ஸ்ரிக்கை இழுத்து, ஒயில் தெளிவாக இருந்தால் ஏரிக்குப் போகலாம், அடி பிளக்கை அங்கே போட்டை இறக்க முன்னம் பூட்டுங்கோ.